பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வாங்கப் போகிறேன். உள்ளே இருப்பது ஒரிஜினல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

ஆறுகம்பி:

அனைவருக்கும் வணக்கம். பெரம்பூர் பக்கம் ஒருவர் ஃபெண்டர் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டார் விற்கிறார். சன்பர்ஸ்ட் நிறம், ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டு. ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப்பக்கம்) சீரியல் நம்பர் என்4 என்று ஆரம்பிக்கிறது, அதனால் 1994 என்கிறார். அவருடைய அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்ததாம், பிறகு பல வருஷம் மெல்லிசைக் குழுவில் வாசித்திருக்கிறார்கள். "எல்லாமே ஒரிஜினல், ஒரு ஸ்க்ரூகூட மாத்தலை" என்று அடித்துச் சொல்கிறார். விலையும் அதற்கேற்ற மாதிரிதான், லட்சத்தைத் தாண்டுகிறது.

நேரில் போய் வாசித்துப் பார்த்தேன், சத்தம் பிடித்திருக்கிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் முடிகிற இடம்) பக்கத்துப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்) கவர் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. டியூப்லைட் வெளிச்சம், கண் மயக்கமாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். என்னென்ன பார்க்க வேண்டும்? கையில் திருப்புளியும் மல்டிமீட்டரும் உண்டு.

ஒற்றைச்சுருள்:

சீரியல் நம்பரை ஃபெண்டர் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். வருஷம் ஒத்துப்போனால் கவலை இல்லை.

மரத்தூள்:

> வருஷம் ஒத்துப்போனால் கவலை இல்லை

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கோவையில் கிட்டார் ரிப்பேர் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் நெக் நான்கு ஸ்க்ரூவில் நிற்கிறது. சீரியல் நம்பர் இருப்பது அந்த நெக்கில். ஆக அந்த எண் நெக்கின் வயதை மட்டும்தான் சொல்லும். கீழே இருக்கிற பாடி, பிக்கப், பிரிட்ஜ் எதைப் பற்றியும் அது வாயைத் திறக்காது. நெக்கை ஒரு கிட்டாரில் கழற்றி இன்னொன்றில் மாட்டக் கால் மணி நேரம் போதும். ஹெட்ஸ்டாக்கில் ஒட்டுகிற போலி ஸ்டிக்கர்களும் தாராளமாகக் கிடைக்கின்றன.

அதனால் முதலில் மாடலே சரிதானா என்று பாருங்கள். அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் 1980களின் பிற்பாதியில் வந்த மாடல். அதில் 22 ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருக்க வேண்டும். ஃபெண்டர் மெக்ஸிகோவில் செய்த அந்தக் காலத்து மலிவு மாடலான மெக்ஸிகோ ஸ்டாண்டர்டில் 21தான். ஹெட்ஸ்டாக்கில் நட்டுக்கு (கம்பிகள் தாண்டிப் போகிற சின்னக் கட்டை) பக்கத்தில் ட்ரஸ் ராட் (நெக்குக்குள் ஓடுகிற இரும்புத் தண்டு) துளையைச் சுற்றி அடர்பழுப்பில் வால்நட் மரத்தில் சின்ன வளையம் தெரியும். பின்பக்கம் நெக் பிளேட்டில் ஆலன் சாவி நுழைகிற மாதிரி ஒரு துளை உண்டு. நெக்கின் சாய்வைத் திருத்துவதற்கு, மைக்ரோ டில்ட் என்பார்கள். இதுவும் மெக்ஸிகோ ஸ்டாண்டர்டில் கிடையாது.

பிரிட்ஜ் ஆறு ஸ்க்ரூவில் நின்றால் அது இந்த மாடலின் பிரிட்ஜ் இல்லை. இரண்டு தடித்த போஸ்டில் சாய்ந்து நிற்க வேண்டும். சேடில்கள் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்குகிற துண்டுகள்) வளைத்த தகடாக இல்லாமல் கட்டி கட்டியாக, ஒவ்வொன்றிலும் ஃபெண்டர் பெயரோடு இருக்கும். பின்பக்க மூடியைத் திறந்தால் ஸ்ப்ரிங் மாட்டியிருக்கிற உலோகக் கட்டை தெரியும். அது கனமாக இருக்க வேண்டும். மெல்லிசாக இருந்தால் யாரோ பிரிட்ஜை மாற்றிவிட்டார்கள்.

ட்யூனர்களை (கம்பியை முறுக்குகிற சாவிகள்) பார்க்கும்போது ட்யூனரைவிட அதைச் சுற்றியுள்ள மரத்தைப் பாருங்கள். பழைய ட்யூனர் பல வருஷம் உட்கார்ந்த இடத்தில் வார்னிஷ் நிறம் வேறாக இருக்கும். புது ட்யூனர் அதைவிடச் சின்னதாக இருந்தால் பழையதன் ஓரம் நிழல் மாதிரி வெளியே தெரியும். அடைத்த துளைகளும் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

ஸ்க்ரூக்களை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். கடற்கரை ஊரில் பிக்கார்டு (பாடியின் முன்பக்கப் பிளாஸ்டிக் தகடு) ஸ்க்ரூ துருப்பிடிப்பது சகஜம், மாற்றியிருந்தால் அதில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் பதினொன்றில் எட்டு துருவேறி மூன்று மட்டும் பளபளப்பாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

மல்டிமீட்டர் மணி:

திறப்பதற்கு முன்னாலேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும். ஒரு சாதாரண கிட்டார் கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுசாக வைத்து, கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். மீட்டர் 20 கிலோ ஓம் அளவில் இருக்கட்டும். ஐந்து வழி ஸ்விட்சை ஒவ்வொன்றாகத் தள்ளிக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரின் சாதாரண சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் சுமார் ஐந்தரையிலிருந்து ஆறரை கிலோ ஓம் வரை காட்டும். ஸ்விட்சின் இரண்டாவது, நான்காவது இடங்களில் இரண்டு பிக்கப்கள் பேரலலில் சேர்கின்றன, அதனால் மூன்றை ஒட்டி வரும். 250 கிலோ ஓம் வால்யூம் பாட்டும் (நாப்புக்கு அடியில் இருக்கிற, திருப்பினால் மாறுகிற ரெசிஸ்டர்) பேரலலில் இருப்பதால் உண்மையான அளவைவிடத் துளி குறைவாகத்தான் தெரியும். டோன் நாப் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, நடுவில் கெபாசிட்டர் தடுத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயம். இணையத்தில் போடுகிற அளவுகள் பெரும்பாலும் குளிர் ஊரில் எடுத்தவை. செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 6.0 காட்டுகிற பிக்கப் நம்ம ஊர் 35 டிகிரியில் 6.3, 6.4 காட்டும். அதைப் பார்த்து பிக்கப் மாறிவிட்டது என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஆறுகம்பி:

மிக்க நன்றி அண்ணா, மணி சாருக்கும். கேபிளில் அளப்பதற்கு அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் பிக்கார்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது? சந்தேகப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டால்?

மரத்தூள்:

நினைக்கட்டுமே தம்பி. இவ்வளவு பணம் கொடுத்துப் பழைய வண்டி வாங்கினால் மெக்கானிக்கைக் கூட்டிப் போக மாட்டோமா? ஆனால் முறையாகக் கேளுங்கள். "நீங்களே கழற்றிக் காட்டுங்கள், நான் போட்டோ மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். திருப்புளி அவர் கையில் இருந்தால் கீறல் விழுந்தது யாரால் என்ற பேச்சே வராது. புது கம்பி செட் ஒன்றை உங்கள் செலவில் வாங்கிப் போங்கள், எப்படியும் கம்பியைத் தளர்த்த வேண்டும். நெக்கைக் கழற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், பலருக்குப் பிடிக்காது.

திறந்த பிறகு பார்க்க வேண்டியது முதலில் பாட்கள். பாட்டின் முதுகில் அச்சடித்த எண் இருக்கும். 137 என்று ஆரம்பித்தால் சி.டி.எஸ் கம்பெனி. 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலேப், இவை இரண்டும் பழைய கிட்டார்களில் வரும். அடுத்த இரண்டு இலக்கம் வருஷம், கடைசி இரண்டு அந்த வருஷத்தின் எத்தனையாவது வாரம். 1379418 என்றிருந்தால் சி.டி.எஸ், 1994, 18வது வாரம், அதாவது மே மாதத் தொடக்கம்.

பாட் எப்போதும் கிட்டாரைவிடக் கொஞ்சம் மூத்ததாக இருக்கும். செய்து, அனுப்பி, பெட்டியில் கிடந்து, பிறகுதான் கிட்டாருக்குள் போகிறது. 1994 கிட்டாரில் 93 கடைசி பாட் இருந்தால் சரிதான். 97 பாட் இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். மூத்ததாக இருப்பதற்கும் சில சமயம் எல்லையே கிடையாது. 1966இல் ஃபெண்டர் மொத்தமாகப் பாட் வாங்கிப் போட்டது, 69 கிட்டார் வரைக்கும் அந்த 66 பாட்களே வருகின்றன. தெரியாதவர்கள் 68 கிட்டாரை 66 என்று சொல்லி விற்பதும் உண்டு.

அப்புறம் பிக்கப்பின் அடிப்பக்கம். இதுதான் முக்கியம். மேலே கவர் போட்டுவிட்டால் எல்லா சிங்கிள் காயிலும் ஒரே முகம். திருப்பிப் பார்த்தால், ஆறு காந்தக் குச்சிகளின் அடிமுனை மட்டும் தெரிய வேண்டும், அது அல்நிகோ என்கிற உலோகக் காந்தம். அடியில் பட்டையாக கறுப்புக் காந்தம் ஒட்டியிருந்தால் செராமிக், மெக்ஸிகோ ஸ்டாண்டர்டிலும் ஃபெண்டரின் மலிவான பிராண்டான ஸ்கொயரிலும் வருவது. பல கிட்டார்களில் இந்த இடத்தில்தான் கைவரிசை நடந்திருக்கும்.

ஸ்விட்ச் திறந்த தகடாக, உள்ளே தொடுமுனைகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக் பெட்டி மாதிரி இருந்தால் ஆசிய ஸ்விட்ச். பாடிக்குள் பிக்கப்புக்குத் தனித்தனிக் குழி தேடாதீர்கள். 90களின் பெரும்பகுதி வரை இந்த மாடலில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய பள்ளம்தான், நீச்சல் குளம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து "யாரோ குடைந்துவிட்டார்கள்" என்று பயப்பட வேண்டாம்.

சால்டரையும் பாருங்கள். கம்பெனியில் வைத்த பற்று ஒரே அளவில் வழவழப்பாக இருக்கும். மேலே இன்னொரு தடவை வைத்தது மேடாக, சுற்றிலும் கருகிய ஃப்ளக்ஸோடு தெரியும். பாட்டின் முதுகில் பழைய ஈயத்தைச் சுரண்டிய தடம் இருந்தால் அங்கே ஏதோ ஒரு வயர் முன்பு இருந்தது என்று அர்த்தம்.

தேக்கா:

மரத்தூள் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இதெல்லாம் அமெரிக்க மாடலுக்கு மட்டும். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன், இங்கே செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஜப்பான் ஃபெண்டர் நிறைய வரும். 1982இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கியபோது மட்சுமோட்டோவில் ஃபூஜிஜென் தொழிற்சாலையில் செய்தார்கள். அவற்றில் பலவற்றில் சின்ன பாட்டும் பெட்டி ஸ்விட்சும்தான் ஒரிஜினல். என்னிடம் இருப்பதில் ஒருவர் வந்து பார்த்துவிட்டு "பாட் எல்லாம் மாத்திட்டாங்க" என்று விலையைக் குறைக்கப் பார்த்தார். பெரிய சி.டி.எஸ் பாட் போட்டிருந்தால்தான் அதில் மாற்றியதாக அர்த்தம்! எந்த மாடல், எந்த வருஷம் என்று தெரியாமல் திருப்புளியைத் தொட்டுப் பிரயோஜனம் இல்லை.

பாஸ்காரர்:

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. ஆறுகம்பியே சத்தம் பிடித்திருக்கிறது என்கிறார். 1994 ஸ்ட்ராட் என்ன 1954 ஸ்ட்ராட்டா, பாட் எந்த வாரம் பிறந்தது என்று ஜாதகம் பார்க்க? மேடையில் வாசித்த கிட்டாரில் பாட் கரகரத்தால் மாற்றத்தான் செய்வார்கள். நல்ல பிக்கப் போட்டிருந்தால் இன்னும் லாபம்தானே?

மரத்தூள்:

மாற்றியதில் தப்பே இல்லை. மாற்றிவிட்டு "ஒரு ஸ்க்ரூகூட மாத்தலை" என்ற விலை கேட்பதுதான் தப்பு. மாற்றிய பிக்கப் ஒரிஜினலைவிட உயர்ந்ததாகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு இவர் விற்கப் போனால் வாங்குகிறவர் கேட்பது அந்த ஒரிஜினல் பிக்கப்பைத்தான்.

பாஸ்காரர்:

விற்பதற்காகக் கிட்டார் வாங்குகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை. 😄

ஒற்றைச்சுருள்:

விற்கிற எண்ணத்தோடு யாரும் வாங்குவதில்லை சார். பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிற மாதம்தான் அந்த எண்ணம் வரும்.

வன்னிக்குருவி:

இடையில புகுந்ததுக்கு மன்னிக்க வேணும். நான் டொராண்டோவில இருக்கிறன். ஒரு கிப்சன் லெஸ் பால் பார்த்து வைச்சிருக்கிறன் அண்ணை. சீரியல் 82765501. இதுக்கும் இதே முறைதானோ?

மரத்தூள்:

கிப்சன் வேறு கதை. நெக் ஒட்டியது, கழற்ற முடியாது, அதனால் அங்கே சீரியல் நம்பருக்கு மதிப்பு அதிகம். 1977 முதல் 2005 வரை எட்டு இலக்கம். முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருஷம், இடையில் உள்ள மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள். உங்களுடையது 85ஆம் வருஷம் 276வது நாள், அக்டோபர் 3. கடைசி மூன்றும் 500க்கு மேல் என்பதால் நாஷ்வில் தொழிற்சாலை. கிப்சனின் பழைய கலமசூ தொழிற்சாலையை 1984லேயே மூடிவிட்டார்கள், எனவே கணக்கு இடிக்கவில்லை. எண் மரத்தில் அழுத்திப் பதித்ததாக இருக்க வேண்டும், விரல் நகத்தில் பள்ளம் தட்டுப்பட வேண்டும்.

ஹெட்ஸ்டாக்கில் ட்ரஸ் ராட் மூடிக்கு இரண்டு ஸ்க்ரூதான். மூன்று இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஃபிங்கர்போர்டு ஓரத்து வெள்ளைப் பைண்டிங் ஒவ்வொரு ஃப்ரெட்டின் முனையிலும் சின்ன மேடாக ஏறி மூடியிருக்கும். அது இல்லாமல் ஃப்ரெட் கம்பி பைண்டிங்கின் மேலே நீண்டிருந்தால் ஃப்ரெட் மாற்றியிருக்கிறார்கள். அது குற்றமில்லை, விலையில் பேசிக்கொள்ளலாம்.

சும்மா ஒரு தகவல்: 1960களின் கிப்சன் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) அடியில் ஒட்டியிருக்கும் பேடண்ட் எண் 2,737,842. தேடிப் பார்த்தால் அது பிக்கப்பே இல்லை, கிட்டார் கலைஞர் லெஸ் பால் தன் பெயரில் எடுத்த டெயில்பீஸ் (கம்பி முனையை மாட்டுகிற பாகம்) பேடண்ட். ஹம்பக்கரை வடிவமைத்த செத் லவரின் எண் 2,896,491. ஸ்டிக்கரில் "சரியான" எண் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வன்னிக்குருவி:

பெரிய உதவி அண்ணை. பார்த்திட்டுத் தனி இழை போடுறன்.

ஆறுகம்பி:

இன்று போய் அளந்துவிட்டேன். 22 ஃப்ரெட், வால்நட் வளையம், நெக் பிளேட் துளை, இரண்டு போஸ்ட் பிரிட்ஜ், எல்லாம் மரத்தூள் அண்ணா சொன்னபடியே இருக்கிறது. ட்யூனர் அடியில் நிழல் இல்லை.

மீட்டர் காட்டியது, பிரிட்ஜிலிருந்து நெக் நோக்கி: 13.4, 4.3, 6.1, 3.1, 6.0. எல்லாம் கிலோ ஓம். முதல் எண்ணைப் பார்த்துக் கேபிளை மாற்றிக்கூட அளந்தேன், அதேதான்.

மல்டிமீட்டர் மணி:

கேபிள்மேல் பழி போடாதீர்கள். 😄 நடு பிக்கப்பும் நெக் பிக்கப்பும் சுத்தம். பிரிட்ஜில் இருப்பது அந்த வருஷத்து ஸ்ட்ராட் சிங்கிள் காயில் கிடையாது. 13.4உம் 6.1உம் பேரலலில் சேர்ந்தால் 4.2 சொச்சம் வர வேண்டும், உங்களுக்கு 4.3 வந்திருக்கிறது. எனவே அளவு சரி, பிக்கப்தான் வேறு. சிங்கிள் காயில் அளவிலேயே செய்த ஹம்பக்கராக இருக்கும். இரண்டு காயில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், மேலே ஆறு குச்சிதான் தெரியும். நீங்கள் பார்த்த வெளுத்த கவருக்கும் இதுதான் காரணமாக இருக்கும்.

அவர் வீட்டில் வாசித்தபோது பிரிட்ஜ் பிக்கப்பில் மட்டும் இரைச்சல் குறைவாக இருந்ததா?

ஆறுகம்பி:

ஆமாம் சார், அதைத்தான் "நல்ல கண்டிஷன்" என்று நினைத்தேன்!

அளவைக் காட்டியதும் அவரே திருப்புளியை எடுத்துவிட்டார். பிக்கார்டைத் திருப்பினால், பிரிட்ஜ் பிக்கப்பிலிருந்து நான்கு நிற வயர் வருகிறது. இரண்டை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். மற்ற இரண்டு பிக்கப்பிலும் அடியில் பட்டைக் காந்தம் இல்லை, குச்சி முனைகள்தான். ஸ்விட்ச் திறந்த தகடு. வால்யூம் பாட்டில் 1379411, முதல் டோன் பாட்டில் 1379409. கடைசி டோன் பாட் மட்டும் மற்றதில் முக்கால்வாசிதான் இருக்கிறது, முதுகில் எண்ணே இல்லை. அதன் நாப்பும் லேசாக ஆடியது.

அவர் முகத்தில் உண்மையாகவே அதிர்ச்சி. அண்ணன் யாரிடமோ சர்வீஸுக்குக் கொடுத்தபோது நடந்திருக்கும் என்கிறார். நம்புகிறேன்.

மரத்தூள்:

நாப் ஆடியதற்குக் காரணம் சொல்கிறேன். சி.டி.எஸ் பாட்டின் தண்டில் 24 பல், சின்ன ஆசிய பாட்டில் 18 பல். ஒன்றின் நாப் மற்றொன்றில் ஒழுங்காக உட்காராது.

அந்தக் கடைசி பாட் சாதாரண டோன் பாட் இல்லை தம்பி. அந்த வருஷத்து அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் அங்கே டி.பி.எக்ஸ் என்று இரட்டை அடுக்கு பாட் இருக்க வேண்டும். திருப்பினால் நடுவில் 'டக்' என்று ஒரு தடங்கல் விரலுக்குத் தெரியும். உங்களுடையதில் அது தெரியாது. ஆக மாறியது ஒரு பிக்கப், ஒரு பாட். பாடி, நெக், பிரிட்ஜ், மற்ற இரண்டு பிக்கப், இரண்டு பாட், ஸ்விட்ச் எல்லாம் ஒரே வயது, வாரக் கணக்கும் ஒட்டிப்போகிறது. நல்ல கிட்டார்தான், "முழு ஒரிஜினல்" விலை மட்டும் கிடையாது. கழற்றிய பிக்கப் கேஸ் பாக்கெட்டிலோ வீட்டிலோ கிடக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் தூக்கிப்போட மாட்டார்கள்.

பாஸ்காரர்:

அந்த ஹம்பக்கரோடேயே வாங்குங்கள் தம்பி. கல்யாண மண்டப லைட்டிங்குக்குப் பக்கத்தில் நின்று சிங்கிள் காயிலில் வாசித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆறுகம்பி:

கேஸில் தேடினோம், பிக்கப் கிடைக்கவில்லை. அண்ணனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். விலையில் நான் கேட்ட அளவு இல்லாவிட்டாலும் கணிசமாகக் குறைத்தார், வாங்கிவிட்டேன். பிக்கப் கிடைத்தால் கொடுத்துவிடுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். ஹம்பக்கர் இப்போதைக்கு இருக்கட்டும். டி.பி.எக்ஸ் மட்டும் மறுபடி போட ஆசை. தனியாகக் கிடைக்குமா?

மரத்தூள்:

கிடைக்கும், ஃபெண்டரே உதிரிப் பாகமாக விற்கிறது. வாங்குவதற்கு முன் இப்போதிருக்கிற சின்ன பாட்டின் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டர் தொங்குகிறதா பாருங்கள், சாம்பல், சிவப்பு, ஆரஞ்சு வளையம், 82 கிலோ ஓம். அதை வெட்டி எறிந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய பாட்டைக் கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். பிக்கார்டில் துளையைப் பெரிசாக்க வேண்டியிருக்காது, அது முதலிலேயே பெரிய பாட்டுக்குப் போட்ட துளைதான்.